வீட்டுக் கணக்கு நோட்டில் நிரையும் நிரலும்

1. அட்டவணையில் குறுக்கே ஓடுவது நிரை, மேலிருந்து கீழே இறங்குவது நிரல். பள்ளிக் கணக்கில் 2 × 3 அணி என்றால் 2 நிரை, 3 நிரல். நிரையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் மாற்றிப் போடுவது இங்கேதான்.

2. ஒரு நாளுக்கு அல்லது ஒரு செலவுக்கு ஒரு நிரை. ஒரு வகை விவரத்துக்கு ஒரு நிரல். பால் கணக்கு என்றால் தேதி, பாக்கெட், விலை, தொகை என்று மேலே 4 தலைப்பு போதும். நாள் ஏற ஏற நிரைகள் கீழே கூடிக்கொண்டே போகும். நாளுக்கு ஒரு நிரல் போட்டால் மாதம் முடியும் முன்பே தாளின் அகலம் தீர்ந்துவிடும்.

3. பால் வாங்காத நாளுக்கு 0 போடுங்கள். வெறுமனே விட்டால், வாங்கவில்லையா, எழுத மறந்தோமா என்று மாதக் கடைசியில் குழப்பம் வரும்.

4. மாதச் செலவுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது: மளிகை, காய்கறி, கேஸ், பள்ளிக் கட்டணம் ஆகியவற்றை இடது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, 12 மாதங்களையும் மேலே வரிசையாக எழுதுங்கள். நிரலைக் கூட்டினால் அந்த மாதத்தின் மொத்தச் செலவு. நிரையைக் கூட்டினால் மளிகைக்கு மட்டும் வருடம் முழுக்க ஆன செலவு. மாதக் கூட்டல்களின் மொத்தமும் பொருள்வாரிக் கூட்டல்களின் மொத்தமும் ஒன்றாகவே வர வேண்டும். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் எங்கோ கூட்டல் தவறியிருக்கிறது என்று அர்த்தம்.

5. கரன்ட் மீட்டருக்குத் தேதி, ரீடிங், ஓடிய யூனிட் என 3 நிரல். மேல் நிரையில் 4820, கீழ் நிரையில் 5135 என்றால் ஓடியது 315 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. நடுவில் நீங்களே ஒருமுறை பார்த்து எழுதினால் பில் தொகை திடுக்கிட வைக்காது.

6. எக்செல்லில் '2 கிலோ' என்று அடிக்காதீர்கள். அது எழுத்தாகிவிடும், கூட்டலில் சேராது. தலைப்பில் 'கிலோ', கட்டத்தில் வெறும் 2.

7. எக்செல்லில் வரிசைப்படுத்தும்போது அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுங்கள். ஒரு நிரலை மட்டும் அடுக்கினால் அரிசி விலை பருப்புக்கு நேரே போய் நிற்கும்.

8. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படிக்கும்போது, பார்க்கும் நிரைக்கு அடியில் ஒரு ஸ்கேலை வையுங்கள். பக்கத்துப் பரிசோதனையின் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டியிருக்காது.