மொட்டைக்கு முந்தின ராத்திரி

தங்கச்சிகளா, நயினார்கோவிலில் மூத்தவனுக்கு மொட்டை போட்ட அன்று, "ஒண்ணுமே பண்ண மாட்டாங்கடா" என்று சொல்லித்தான் உட்கார வைத்தேன். தலையில் தண்ணீர் விழுந்ததுமே அலறினான். சந்தனம் பூசிய பிறகும் ஓயவில்லை. அதற்கப்புறம் ஆறு மாசத்துக்கு நான் எதைச் சொன்னாலும் "நெசமாவா?" என்பான். சின்னவளுக்கு மொட்டையும் காதுகுத்தும் வந்தபோது வேறு மாதிரி செய்தேன்.

1. முதல் நாளே வரிசையாகச் சொல்லுங்க. "பரமக்குடியில பஸ் ஏறுவோம். வாசல்ல செருப்பைக் கழட்டுவோம். தலையை நனைப்பாங்க, சில்லுனு இருக்கும். கத்தி சரக் சரக்குனு கேக்கும். அப்புறம் சந்தனம்." 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக 'சமூகக் கதை' என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். போகிற இடத்தில் என்ன நடக்கும், யார் என்ன செய்வார்கள், ஏன் என்று முன்னாடியே சொல்லிவிடுவதுதான் அது. மற்றப் பிள்ளைகளுக்கும் இது உதவும்.

2. வலிக்கும் என்றால் மறைக்காதீங்க. "மாமா மடியில உக்காருவ. காது குத்தும்போது சுருக்குனு வலிக்கும். அழணும்னா அழுதுக்க."

3. செய்ய வேண்டியதைச் சொல்லுங்க. "சேட்டை பண்ணாத" என்றால் பிள்ளைக்கு என்ன புரியும்? "வரிசையில என் முந்தானையைப் புடிச்சுக்க, மேளம் அடிச்சா காதைப் பொத்திக்க" என்றால் புரியும்.

4. பேசச் சொல்லி நச்சரிக்காதீங்க. கூச்சப்படுகிற பிள்ளை பெரியம்மாவைப் பார்த்துக் கையைக் கூப்பினாலே போதும். முத்தம் கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

5. கேள்வி கேட்டால் அதட்டாதீங்க. "தொப்பி போட்ட தாத்தா ஏம்மா கோயிலுக்கு வந்திருக்காரு?" என்று சின்னவள் சத்தமாகவே கேட்டுவிட்டாள். தலக்கதையைச் சொன்னேன். முல்லா ஒருவரின் வாய் பேசாத மகள், இந்தக் கோயிலின் வாசுகி தீர்த்தத்தில் குளித்து, சாமி நாகநாதரைப் பார்த்ததும் "நயினாரே" என்று கூப்பிட்டாளாம். ஊர்ப் பெயரே அப்படி வந்ததாம். "அப்ப அவருக்கும் இது சொந்தக் கோயில்தான்" என்றாள்.

6. கூட்டத்தில் கை விட்டுப்போனால்? "நின்ன இடத்துலயே நில்லு. போலீஸ்காரங்ககிட்டயோ, கைப்பிள்ளையோட இருக்கிற அம்மாகிட்டயோ சொல்லு" என்று வீட்டிலேயே பழக்குங்க. உங்கள் போன் நம்பரை எழுதிச் சட்டைப்பையில் வையுங்க. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இது நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது.

காது குத்தும்போது சின்னவளும் அழுதாள். ஆனால் என்னைப் பார்த்து "நெசமாவா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. அடுத்த விசேஷத்துக்குப் பட்டுப்பாவாடை எடுத்துவைக்கும்போதே, அங்கே என்ன நடக்கும் என்கிற கதையையும் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்க.