மண்டபம் கிடைக்கும், சான்றிதழ் கிடைக்காது

திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயில் பக்கம் வைகாசி முகூர்த்த நாளில் போனவர்களுக்குத் தெரியும். கெடிலக் கரையில் வேன்கள் நகராது. ஒரே நாளில் நூற்றுக்கும் மேல் தாலி ஏறும். ஒரு ஜோடி எழுந்திருக்கும், மனை ஆறுவதற்குள் அடுத்த ஜோடி உட்காரும். சமையல் மாஸ்டர், பூக்காரர், மேளக்காரர், போட்டோகிராபர் என்று கடலூரிலிருந்து சிதம்பரம் வரை எத்தனையோ குடும்பங்களுக்கு முகூர்த்த நாள்தான் சம்பள நாள்.

இந்த ஊரில் இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ கல்யாணம் செய்துகொள்ள நினைத்தால் யாரிடம் போய் நிற்பது? இந்தக் கேள்வி இப்போது மெல்லக் காதில் விழுகிறது. பதிலாக வருவதில் பாதி பயம், பாதி வதந்தி. அவற்றில் சிலவற்றைப் பிரித்துப் பார்க்கலாம்.

ஒரு சொல்லை மட்டும் முதலில் சரிசெய்துகொள்கிறேன். பத்திரிகைகள் பழக்கத்தில் எழுதும் பழைய சொற்களுக்குப் பதிலாக, சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதன் பேரில் தமிழக அரசு 2022-இல் அரசிதழிலேயே ஒரு சொற்பட்டியல் வெளியிட்டது. 'தன்பாலீர்ப்பு' அதில் உள்ள சொல். நானும் அதையே எழுதுகிறேன்.

நம்பிக்கை: அப்படி ஒரு கல்யாணம் வைத்தால் போலீஸ் வந்து நிறுத்திவிடும்.

மண்டப உரிமையாளர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நிறுத்துவதற்கு எந்தச் சட்டமும் இல்லை. வயது வந்தவர்கள் மனமொப்பி வாழும் தன்பால் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், அதைக் குற்றமாக்கிய பழைய 377-ஆம் பிரிவே கிடையாது. நாலு பேரைக் கூப்பிட்டு மாலை மாற்றிச் சாப்பாடு போடுவது விழா, அவ்வளவுதான். அதற்குக் காவல் நிலையத்தில் யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆனால் பெண்ணைக் காணோம் என்று பெற்றோர் புகார் கொடுத்தால் போலீஸ் வரத்தான் செய்யும். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இதற்கு வழி சொல்லியிருக்கிறார். இருவரும் வயது வந்தவர்கள், விருப்பத்தோடுதான் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளிலேயே 2022-இல் ஒரு விதி ஏறியது. 2025 மே மாதம், பெற்றோர் அடைத்து வைத்திருந்த 25 வயதுப் பெண்ணைத் தன் தோழியோடு போக அனுமதித்தபோது, குடும்பம் அமையக் கல்யாணம் மட்டுமே வழியல்ல என்று அதே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் எழுதினார்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரமே இருவரும் வயதுச் சான்றையும் கையெழுத்திட்ட கடிதத்தையும் ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்து வைத்துவிடுவது நல்லது. கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொலைபேசி 15100.

நம்பிக்கை: நல்ல ஏற்பாட்டாளர் கிடைத்தால் ரிஜிஸ்டரும் பண்ணிக் கொடுத்துவிடுவார்.

ஆள் ஏமாறுவது இங்கேதான். "சார், எல்லாம் சேர்த்து பேக்கேஜ், சர்டிபிகேட்டும் வந்துடும்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் திருமணம் ஓர் அடிப்படை உரிமையல்ல என்றார்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தைத் தன்பால் இணையருக்காக மாற்றி வாசிக்கவும் மறுத்தார்கள். திருமணமாக இல்லாவிட்டாலும் சட்டம் ஏற்கும் ஓர் இணைவாகவாவது கொடுக்கலாமா என்பதில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றது. மறு ஆய்வு மனுக்கள் 2025 ஜனவரி 9 அன்று தள்ளுபடியாயின. சார்பதிவாளர் அலுவலகத்தில் யாரைத் தெரிந்திருந்தாலும் இதில் ஒன்றும் செய்ய முடியாது.

சுயமரியாதைத் திருமணப் பிரிவைச் சொல்லி வாதம் செய்கிறவர்களும் உண்டு. அதில் கொஞ்சம் நியாயம் இருப்பதால்தான் அந்த வாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவு, 'எந்த இரு இந்துக்களும்' என்றுதான் தொடங்குகிறது. புரோகிதர் வேண்டாம், தீ வேண்டாம். உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் போட்டாலும் போதும், தாலி கட்டினாலும் போதும். ஆனால் அடுத்த வரியிலேயே 'மனைவியாக', 'கணவனாக' என்று வந்துவிடுகிறது. 2023 தீர்ப்புக்குப் பிறகு அந்தக் கதவும் சாத்தித்தான் கிடக்கிறது. சடங்கு முறையாக எடுத்துக்கொண்டால் 7ஏ மாதிரி எளிமையானது வேறில்லை. பதிவுக்கு மட்டும் அது உதவாது.

பாண்டிச்சேரிக் கதை இன்னும் சுவையானது. கடலூர்க்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் பாண்டிதான் மருந்து. அங்கே பிரெஞ்சு சட்டம் இருக்கிறது, ரிஜிஸ்டர் ஆகிவிடும் என்று ஒரு பேச்சு. பிரான்ஸ் 2013-இலேயே தன்பால் திருமணத்தை ஏற்றது உண்மை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் இருப்பதும் உண்மை. அப்படிப்பட்ட ஒருவர் பிரான்சுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்ளலாம். புதுச்சேரிப் பதிவு அலுவலகத்தில் நடப்பது இந்தியச் சட்டம். தாய்லாந்தில் 2025 ஜனவரியிலிருந்து சட்டம் இருக்கிறது, அங்கே போய்ச் சான்றிதழோடு திரும்புகிறவர்களும் உண்டு. விமானம் இறங்கியதும் அந்தக் காகிதம் நினைவுப் பொருள் ஆகிவிடும்.

கிடைக்கிற காகிதங்களைச் சொல்கிறேன். கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. உயில் எழுதிப் பதிவு செய்யலாம். ஏற்பாட்டாளர் கேட்கிற பணத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இதற்கு ஆகாது.

நம்பிக்கை: கோயிலில் வைத்துக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கேட்பார்கள். அறநிலையத் துறைக் கோயிலில் திருமணத்துக்குப் பதிவு செய்ய மணமகன், மணமகள் இருவரின் வயதுச் சான்றும், இது முதல் திருமணம் என்ற சான்றும் வேண்டும். திருவந்திபுரம் அந்த வகை. சிதம்பரம் நடராசர் கோயில் துறையின் கீழ் இல்லை, 2014 தீர்ப்புக்குப் பிறகு நிர்வாகம் பொது தீட்சிதர்கள் கையில். அதனால் அங்கே சுலபம் என்று நினைக்க வேண்டாம். மண்டபத்தில் மாலை மாற்றிவிட்டு, இருவரும் எல்லோரையும் போல வரிசையில் நின்று தரிசனம் செய்துவிட்டு வருவதை மட்டும் யாரும் தடுக்க முடியாது.

நம்பிக்கை: கூவாகம் பக்கத்தில்தானே இருக்கிறது, நம்ம ஊருக்கு இது பழக்கம்தான்.

பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்காரர்கள் நாம். சித்திரையில் கூவாகத்தில் திருநங்கைகள் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறோம். சிதம்பரம் பக்கம் கொத்தட்டையிலும் கூத்தாண்டவர் உண்டு. ஆனால் திருநங்கை வேறு, தன்பாலீர்ப்பு உள்ள பெண்ணோ ஆணோ வேறு. இரண்டையும் குழப்புவதில் சட்டத்திலேயே நஷ்டம் இருக்கிறது. 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று தூத்துக்குடித் தம்பதியின் வழக்கில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தார். திருநங்கையும் ஆணும் செய்துகொள்ளும் திருமணம் பதிவாகும், 2023 தீர்ப்பும் இதை ஏற்கிறது. உங்களில் ஒருவர் திருநங்கையோ திருநம்பியோ என்றால் மேலே 'ரிஜிஸ்டர் இல்லை' என்று எழுதியதை உங்களுக்கு என்று எடுத்துக்கொள்ளாமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

நம்பிக்கை: இதற்கென்று தனி பிளானர் வேண்டும், அது சென்னையில்தான் கிடைக்கும்.

2022 ஆகஸ்டில் சென்னையில் இரண்டு பெண்களின் கல்யாணம், அப்பா மடியில் உட்கார்ந்து மாலை மாற்றும் பிராமண முறைப்படியே நடந்தது, பத்திரிகைகளில் படமும் வந்தது. அதைப் பார்த்துத்தான் பலருக்கு இந்த எண்ணம். நம் பக்கம் கல்யாணத்தை ஓர் ஆள் நடத்துவதில்லை, பத்துப் பேர் நடத்துகிறார்கள். ஒருவர் சரி என்பதால் மற்ற ஒன்பது பேரும் சரி என்பார்கள் என்று இல்லை. தேட வேண்டியது, அந்த ஒன்பது பேரிடமும் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒருவரை. "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன், அவங்களுக்கு எதுக்குச் சொல்லணும்?" என்கிறவர் வேண்டாம். தவில்காரர் மேடையைப் பார்த்த பிறகு தவிலை உறைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

தெரிந்த ஒரு ஜோடிக்காக மண்டபம் பார்க்கப் போனபோது மேனேஜர் மத, சாதிக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. இரண்டு அறைக் கதவுகளையும் காட்டி, "இதுல மணமகன் அறைன்னு எழுதியிருக்குங்களே, அதை என்ன பண்றது?" என்றுதான் கேட்டார். பெயிண்ட் இருக்கிறதா என்று கேட்டோம். அடுத்த கேள்வி பந்திச் செலவு. இரண்டு பக்கமும் பெண் வீடு என்றால் யார் கணக்குத் தீர்ப்பது? இலைக்கு இவ்வளவு என்று பேசும் மாஸ்டருக்குப் பதில் சொல்ல ஒரே ஆள் வேண்டும். அதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். மாலையும் அப்படித்தான். பெண் மாலை, மாப்பிள்ளை மாலை என்று பூக்காரர் தன் வழக்கப்படி கட்டிவிடுவார். ஒரே மாதிரி ஜோடி வேண்டும் என்றால் வாயால் சொல்லாமல் படம் காட்டுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது போட்டோகிராபரைப் பார்த்து. அவர் மறுப்பார் என்று அல்ல. மகிழ்ச்சியாக எடுத்து, அன்று இரவே தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டுவிடுவார். ஆபீசில் சொல்லாத செய்தி, பண்ருட்டியில் இருக்கும் பெரியம்மாவுக்குச் சொல்லாத செய்தி, விடிவதற்குள் ஊரெல்லாம் போய்விடும். படம் எங்கும் போடக் கூடாது என்பதை அட்வான்ஸ் ரசீதின் பின்பக்கமே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். டிரோன் எடுப்பவரிடமும் வாங்குங்கள்.

தேதியில் இந்த ஜோடிகளுக்கு ஒரு லாபம் உண்டு. முகூர்த்தம் பார்க்காதவர்கள் என்றால் ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் காலியாக இருக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். சிதம்பரத்தில் மட்டும் மார்கழி ஆருத்ரா தரிசன நாட்களைத் தவிருங்கள், லாட்ஜில் அறை கிடைக்காது. ஆனித் திருமஞ்சனமும் அப்படியே. சில்வர் பீச் மணலில் பந்தல் என்று கனவு கண்டால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வேண்டாம். 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்த ஊர் இது.

நம்பிக்கை: மறுத்தால் கேஸ் போடலாம்.

திருநங்கை, திருநம்பி என்றால் திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2019 சட்டத்தின் 3-ஆம் பிரிவு சேவை மறுப்பைத் தடை செய்கிறது. தன்பால் இணையருக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை, தனியார் மண்டபம் முடியாது என்றால் முடியாதுதான். ஆனால் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பிறகு கைவிரித்தால் கதை வேறு, அதற்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்கிறேன், ரசீதும் கேட்டு வாங்க வேண்டும்.

மண்டபம் வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை ரசீதுப் புத்தகம் அச்சடிக்கும்போது 'மணமகன்', 'மணமகள்' என்ற இடத்தில் வெறும் இரண்டு கோடுகளைப் போட்டு விட்டுவிடுங்கள். பெயரை அவர்களே எழுதிக்கொள்ளட்டும்.