பழைய ஒர்க்ஸ்டேஷனில் கேம் ஆடலாம்!

அலுவலகங்கள் கழித்துவிடும் எச்பி இசட்440, டெல் பிரிசிஷன் டி5810 போன்ற ஒர்க்ஸ்டேஷன்கள் ரீஃபர்பிஷ்டு கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. பார்த்து வாங்கி, நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் போட்டால் வீட்டில் கேம் ஆடத் தாராளமாகப் போதும்.

1. முதலில் பார்க்க வேண்டியது எஸ்எம்பிஎஸ். பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொல்லி, லேபிளில் எத்தனை வாட் என்று படியுங்கள். டி5810 ஒரே மாடல்தான். ஆனால் 425, 685, 825 வாட் என மூன்று விதமாக வந்தது. இந்த எஸ்எம்பிஎஸ்களின் இணைப்புகள் அந்தந்தக் கம்பெனியின் தனி வடிவம். பிறகு சாதாரண எஸ்எம்பிஎஸ் வாங்கி அப்படியே மாட்ட முடியாது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது அதிக வாட் உள்ளதையே எடுங்கள்.

2. கோர் எண்ணிக்கையில் மயங்காதீர்கள். 14 கோர், 2.0 கிகாஹெர்ட்ஸ் ஜியான் ஈ5-2683 வி3யைவிட, 6 கோர், 3.5 கிகாஹெர்ட்ஸ் ஈ5-1650 வி3 பெரும்பாலான கேம்களுக்கு நல்லது. ‘வி2’ வேண்டாம், அதில் ஏவிஎக்ஸ்2 வசதி கிடையாது. சில புதிய கேம்கள் அது இல்லாமல் திறக்கவே திறக்காது.

3. மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை கொடுக்கும். ஆர்டிஎக்ஸ் 3050இல் 6 ஜிபி கார்டு 70 வாட்தான். தனி பவர் கேபிள் இல்லாமலே ஓடும். 8 ஜிபி கார்டுக்கு 130 வாட், கேபிள் கட்டாயம். பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

4. சாட்டா கேபிளை 6 பின்னாக மாற்றும் மலிவு அடாப்டரைத் தொடவே தொடாதீர்கள். சாட்டா பிளக்கின் 12 வோல்ட் பின்கள் தாங்குவது 54 வாட். 6 பின் வழியாகக் கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். பிளக் உருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

5. ஒரே 16 ஜிபி ராமுக்குப் பதில் நான்கு 4 ஜிபி ராம் போடுங்கள். நான்கு சேனலும் வேலை செய்யும். ஸ்டிக்கரில் 2133பி-க்குப் பின் ‘ஆர்’ இருந்தால் சர்வர் ராம், ‘யு’ இருந்தால் சாதாரண ராம். இரண்டையும் கலக்கக் கூடாது.

6. ஹார்டு டிஸ்க் போதாது. சாட்டா எஸ்எஸ்டியாவது போடுங்கள்.

7. பணம் கொடுக்கும் முன் பயாஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பழைய அலுவலகத்தின் பாஸ்வேர்டு இருந்தால் வாங்காதீர்கள்.

8. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. இந்த ஜியான்கள் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. விண்டோஸ் 11இல் வலோரண்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் வேண்டும். பிள்ளைகள் எந்த கேம் ஆடுவார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

9. வீட்டிலுள்ள 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

10. கூடவே வரும் பழைய குவாட்ரோ கார்டை விற்றுவிடாதீர்கள். ஈ5 ஜியானில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. புதிய கார்டு மக்கர் செய்தால், கோளாறு கார்டிலா கம்ப்யூட்டரிலா என்று பார்க்க அதுதான் உதவும்.