திருட்டுப்போன கோடும் தள்ளிப்போன தேதியும்

2003 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ3 கண்காட்சியில் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ‘ஹாஃப்-லைஃப் 2’ விளையாட்டைக் காட்டியது. பொருள்கள் தம் எடைக்கேற்ப மிதந்தன, சரிந்தன. பேசும் பாத்திரத்தின் முகத்தில் தசை அசைந்தது. பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். கூடவே ஒரு ரிலீஸ் தேதியும் அறிவிக்கப்பட்டது: அந்த ஆண்டு செப்டம்பர் 30. ஆனால் விளையாட்டு வெளிவந்தது 2004 நவம்பர் 16 அன்று.

இடையில் நடந்தது ஒரு களவு. ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் ஒரு சிற்றூரில் இருந்த இளைஞர் வால்வின் கணினி வலையமைப்புக்குள் புகுந்து, விளையாட்டின் மூலநிரலை, அதாவது சோர்ஸ் கோடை, அப்படியே இறக்கிக்கொண்டார். அது இன்னொருவர் கைக்கு மாறி, அக்டோபர் தொடக்கத்தில் இணையமெங்கும் பரவியது.

அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளில் எத்தனையோ விளையாட்டுகளின் கோடு களவு போயிருக்கிறது. ஆனாலும் பேச்சு வந்தால் முதலில் வருவது இந்தக் கதைதான். அதுவும் ‘திருட்டுப் போனதால் ஒரு வருஷம் தாமதம்’ என்ற ஒற்றை வரியில். அந்த வரி பாதிதான் உண்மை. மீதிப் பாதியை மனத்தில் வைத்துத்தான் கீழே உள்ளவற்றைச் சொல்கிறேன். விளையாட்டு தயாரிப்பவர்களுக்கு முதலில், பிறகு காத்திருப்பவர்களுக்கு, கடைசியில், கை நீட்ட நினைப்பவர்களுக்கும்.

களவு போகும் முன்

*கேட்பாரற்ற கணக்குகளைத் தேடி மூடுங்கள்.* வால்வின் வாசல் கதவு ஓரளவு உறுதியாகத்தான் இருந்தது என்று அந்த ஜெர்மானியரே பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். அவர் நுழைந்தது வால்வின் வலையமைப்போடு ஒட்டிக்கொண்டிருந்த வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக. உள்ளே போனபின் அவருக்குக் கிடைத்தது ‘பில்ட்’ என்ற பெயரில் ஒரு கணக்கு. அதற்குப் பாஸ்வேர்டே கிடையாது. யாரோ ஒரு நாள் அவசரத்துக்கு உருவாக்கி, பிறகு பூட்டு போடலாம் என்று விட்ட கணக்காக இருக்க வேண்டும். எந்த அலுவலகத்திலும் இப்படி இரண்டு மூன்று இருக்கும்.

*ஒரு கணினியைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் போகாதீர்கள்.* இதை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். 2003 செப்டம்பர் 11 வாக்கில் வால்வின் தலைவர் கேப் நியூவெலின் இமெயிலை வேறு யாரோ படித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய கணினி விநோதமாக நடந்துகொண்டது. ஒரு கோப்பின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் போதும், விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் சரிந்து விழும். வைரஸ் தேடினார், அகப்படவில்லை. ஹார்ட் டிஸ்க்கை அழித்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார். நம்மில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் செப்டம்பர் 19 வாக்கில் மூலநிரல் முழுவதும் நகலெடுக்கப்பட்டுவிட்டது. விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் பதிந்து அனுப்பும் நிரல் வால்வின் பல கணினிகளில் உட்கார்ந்திருந்தது. தலைவரின் கணினி விநோதமாக நடந்தால் அடுத்த மேசையையும் பாருங்கள், சர்வர் பதிவேடுகளைப் புரட்டுங்கள், எந்த முகவரிக்கு எவ்வளவு தரவு வெளியே போகிறது என்று கணக்கெடுங்கள். அந்த ஒரு வாரத்தில் தடுத்திருக்க வாய்ப்பு இருந்தது.

*இனிமையாகப் பேசுகிறவருக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள்.* 2021இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்திலிருந்து ‘ஃபிஃபா 21’ கோடு உட்பட 780 ஜிபி தரவு போனது. திருடியவர்கள் நிருபர்களிடம் விவரித்த முறை வெட்கப்பட வைக்கும்: 10 டாலருக்கு ஊழியர் ஒருவரின் திருட்டு லாகின் குக்கியை வாங்கி, நிறுவனத்தின் ஸ்லாக் அரட்டைக்குள் நுழைந்து, ‘நேற்று பார்ட்டியில் போனைத் தொலைத்துவிட்டேன்’ என்று ஐடி உதவியாளரிடம் அழுதார்கள். அவர் இரக்கப்பட்டு நுழைவுக் குறியீட்டைக் கொடுத்தார். தொலைந்த போன் கதை வந்தால் அந்த ஊழியரின் மேலாளரை அழைத்துக் கேளுங்கள். ஐந்து நிமிடம் ஆகும்.

*பேக்கப்பைத் தனியாக வையுங்கள்.* 2021 பிப்ரவரியில் போலந்தின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனத்தின் கோடைத் திருடியவர்கள் கணினிகளையும் குறியாக்கம் செய்து முடக்கினார்கள். பேக்கப் தப்பியதால் நிறுவனம் பிழைத்தது. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

தெரிந்த அன்று

*நீங்களே முதலில் சொல்லுங்கள்.* 2003 அக்டோபர் 2 அன்று நியூவெல் ரசிகர்களுக்கு நேரடியாக எழுதினார். ஆமாம், வெளியே உலவுவது எங்கள் கோடுதான், இன்னின்ன தேதியில் இன்னின்னது நடந்தது, பிடிக்க உதவுங்கள். வக்கீல் வாசனை அடிக்காத எழுத்து. தன் மெயில் பெட்டி திறந்து கிடந்ததை ஒரு நிறுவனத் தலைவர் ஊரறியச் சொல்வது அன்று பழக்கத்தில் இல்லாதது. இன்றும் பெரிதாகப் பழகிவிடவில்லை. அதுவரை ஏமாற்றத்தில் இருந்த ரசிகர்களில் பலர் துப்புத் தேடும் ஆட்களாக மாறினார்கள். 2004 ஜூனில் பல நாடுகளில் கைதுகள் நடந்ததாக வால்வ் அறிவித்தபோது, ரசிகர் சமூகத்தின் உதவியையும் சேர்த்தே சொன்னது.

*உங்கள் ஊழியர்கள் செய்தியில் படித்துத் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள்.* களவு என்றதும் நிறுவனம் கோடைத்தான் எண்ணிப் பார்க்கிறது. 2023 டிசம்பரில் ‘ஸ்பைடர்-மேன்’ விளையாட்டுகளைத் தயாரித்த இன்சோம்னியாக் நிறுவனத்திலிருந்து 1.67 டெராபைட் கோப்புகள் கொட்டப்பட்டன. வரவிருந்த ‘வுல்வரின்’ விளையாட்டின் துண்டுகளை உலகம் வேடிக்கை பார்த்தது. அதே குவியலில் ஊழியர்களின் பாஸ்போர்ட் பிரதிகளும் கிடந்தன. கோடை மாற்றி எழுதிக்கொள்ளலாம். ஒருவர் தன் பிறந்த தேதியை மாற்றிக்கொள்ள முடியாது. முதல் தகவல் அவர்களுக்குப் போகட்டும். அடுத்தது, உங்கள் விளையாட்டுக்குள் யாருடைய கோடு உரிமம் பெற்று உட்கார்ந்திருக்கிறதோ அவர்களுக்கு.

*பணம் கொடுக்காதீர்கள்.* சிடி ப்ராஜெக்ட் கொடுக்கவில்லை. மிரட்டல் கடிதத்தையே வெளியிட்டது. 2023 ஜனவரியில் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ கோடைத் திருடியவர்கள் 1 கோடி டாலர் கேட்டார்கள்; ரயட் நிறுவனம் மறுத்தது. இன்சோம்னியாக் களவில் கேட்டது 50 பிட்காயின், அங்கும் கிடைக்கவில்லை. கோடு வெளியே போகத்தான் செய்தது, உண்மைதான். ஆனால் நகலெடுத்தவன் பணம் வாங்கிக்கொண்டு நகலை அழித்தான் என்று எதை வைத்து நம்புவது?

தேதி விஷயத்தில்

*உங்கள் தாமதத்தைத் திருடன் கணக்கில் எழுதாதீர்கள்.* ‘ஹாஃப்-லைஃப் 2’இன் காலவரிசையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். விளையாட்டு செப்டம்பர் 30க்கு வராது என்று வால்வ் சொன்னது செப்டம்பர் கடைசியில். கோடு இணையத்தில் வந்தது அக்டோபர் 2 வாக்கில். அதாவது, களவு வெளியே தெரியும் முன்பே தேதி செத்துவிட்டது. களவுக்குப் பிறகு, வெளியீட்டாளரான விவெண்டி யுனிவர்சல், அடுத்த ஏப்ரலுக்கு முன் எதிர்பார்க்க வேண்டாம் என்றது. ஏப்ரலும் போயிற்று.

கோடு பரவிய சில நாளில் விளையாடிப் பார்க்கக்கூடிய ஒரு பதிப்பும் கசிந்தது. அதுதான் வால்வுக்கு உண்மையான அவமானம் என்பது என் கணிப்பு. கண்காட்சியில் பளபளத்த விளையாட்டு, உள்ளே போய்ப் பார்த்தால் பாதி கட்டிய வீடு: சில அறைகளுக்குச் சாயம் அடித்தாயிற்று, பல அறைகளுக்குக் கூரையே இல்லை. செப்டம்பர் 30 என்பது ஒருபோதும் நடக்கக்கூடிய தேதியாக இருந்ததில்லை என்பது இறக்கிப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்துபோனது. மே மாதமே உள்ளே இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

அதற்காகக் களவால் தாமதமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொரு கணினியையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய அலுவலகத்தில் வேலை எப்படி ஓடும்? பல ஆண்டு உழைப்பை, முடிக்காத கோலத்தில், ஊரே பிரித்துப் பார்த்துச் சிரிக்கும்போது எந்தக் கலைஞனுக்கு மறுநாள் காலை எழுந்து வர மனம் வரும்? பலர் சேர்ந்து ஆடும் பகுதியின் கோடு வெளியே போனால், ஏமாற்று நிரல் எழுதுபவர்களுக்கு அது வரைபடம் கிடைத்த மாதிரி. அதற்கும் ஈடுகட்டியாக வேண்டும். இந்தச் சேதம் நிஜமானது. ஆனால் எத்தனை மாதம் களவுக்கு, எத்தனை மாதம் முடியாத வேலைக்கு என்று பிரித்துச் சொல்ல யாரும் முன்வரவில்லை. பிரிக்காமல் விட்டது நிறுவனத்துக்கு வசதியாகவும் இருந்தது.

*களவால் எது தள்ளிப்போகிறதோ அதை மட்டும் சொல்லுங்கள்.* சிடி ப்ராஜெக்ட் இதை ஒழுங்காகச் செய்தது. ‘சைபர்பங்க் 2077’ குறைகளோடு வெளிவந்து உலகமே திட்டிக்கொண்டிருந்த நேரம். 1.2 என்ற பெரிய திருத்தம் பிப்ரவரியில் வர வேண்டும். அது மார்ச் இரண்டாம் பாதிக்குத் தள்ளிப்போகிறது, தாக்குதலும் வேலையின் அளவும் காரணம் என்று அறிவித்து, மார்ச் கடைசியில் வெளியிட்டார்கள். ரயட்டும் அப்படித்தான்: அடுத்த திருத்தங்கள் பாதிக்கப்படும் என்றதோடு நின்றது. 2022 செப்டம்பரில் ‘ஜிடிஏ 6’இன் சுமார் 90 காணொளித் துண்டுகள் கசிந்தபோது, நீண்டகாலப் பாதிப்பு இராது என்று அதன் தயாரிப்பு நிறுவனமான ராக்ஸ்டார் சொன்னது. பிறகு அந்த விளையாட்டின் தேதி 2025இலிருந்து 2026க்குத் தள்ளிப்போனபோதும், தரத்துக்கு நேரம் வேண்டும் என்றார்களே தவிர, ஹேக்கரை இழுக்கவில்லை. பாராட்ட வேண்டிய அடக்கம்.

*வராத பொருளை வைத்து வேறு பொருளை விற்காதீர்கள்.* 2003 இலையுதிர் காலத்தில் ஏடிஐ நிறுவனம் தன் விலை உயர்ந்த ரேடியான் 9800 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டோடு ‘ஹாஃப்-லைஃப் 2’ கூப்பன் தந்தது. நம்பி வாங்கியவர்கள் ஒரு வருடத்துக்கும் மேல் அந்தக் கூப்பனைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு வருடம் என்பது அரை ஆயுள்.

காத்திருப்பவர்களுக்கு

*கசிந்த பதிப்பை இறக்காதீர்கள்.* அதில் கூடவே என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்பது தெரியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, பத்து மாதம் காத்திருந்து சாப்பிட வேண்டிய முடிவை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள்.

*முடியாத வேலையைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.* ‘ஜிடிஏ 6’ துண்டுகளைப் பார்த்த சிலர், படமே நன்றாக இல்லை, தோற்றத்தைத்தானே முதலில் முடிப்பார்கள் என்று மேதாவித்தனம் பேசினார்கள். உடனே ‘கன்ட்ரோல்’, ‘கல்ட் ஆஃப் த லேம்ப்’ போன்ற விளையாட்டுகளின் தயாரிப்பாளர்கள் தங்கள் ஆரம்பகாலக் கோலங்களை வெளியிட்டார்கள். சாம்பல் நிறப் பெட்டிகளும் கை முளைக்காத உருவங்களும். அந்த ஆரம்பகாலத் துண்டுகளைத் தேடிப் பாருங்கள். களவுப் பொருளைவிட அவை சுவையானவை.

*நீங்கள் நிரல் எழுதுபவராக இருந்தால், கசிந்த கோடைத் திறந்தும் பார்க்காதீர்கள்.* நாளைக்கு நீங்கள் சொந்தமாக எழுதும் ஒன்று அதைப் போல அமைந்துவிட்டால், பார்த்து எழுதவில்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும்.

கை நீட்ட நினைப்பவருக்கு

*‘ஒரு நண்பனுக்கு மட்டும்’ என்று கொடுக்காதீர்கள்.* அந்த ஜெர்மானிய இளைஞர் வால்வின் தீவிர ரசிகர். பணத்துக்காக நுழையவில்லை, காத்திருக்க முடியாமல் நுழைந்தார். இணையத்தில் ஏற்றியது தான் இல்லை, தான் பகிர்ந்த ஆள்தான் என்பது அவர் தரப்பு. இருக்கலாம். ஆனால் கொடுத்த கணத்திலேயே அது அவர் கையை விட்டுப் போய்விட்டது.

*திருடிய இடத்திலேயே வேலை கேட்காதீர்கள்.* இது நகைச்சுவை அல்ல. 2004இன் தொடக்கத்தில் அவர் நியூவெலுக்கு எழுதி, செய்ததை ஒப்புக்கொண்டு, வேலை கிடைக்குமா என்றும் கேட்டார். வால்வ் தொலைபேசியில் நேர்காணல் நடத்தியது. அமெரிக்காவுக்கு நேரில் வரச் சொல்லலாம் என்றும் பேச்சு. பின்னால் இருந்தது எஃப்பிஐ. ஜெர்மானியப் போலீஸ் முந்திக்கொண்டு மே மாதம் அவரை வீட்டிலேயே கைது செய்தது. பிறந்த நாட்டு நீதிமன்றத்தில் நின்றதால் இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு தப்பினார். விமானம் ஏறியிருந்தால் கதை வேறு. ‘ஜிடிஏ 6’ களவைச் செய்த பிரிட்டிஷ் இளைஞருக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. ஏற்கெனவே ஜாமீனில் இருந்தவர், லேப்டாப் பறிக்கப்பட்டவர். ஹோட்டல் அறை டிவி, அமேசான் ஃபயர் ஸ்டிக், ஒரு கைபேசி ஆகியவற்றைக் கொண்டே உள்ளே புகுந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரைக் காலவரையறை இல்லாமல் பாதுகாப்பான மருத்துவமனைக்கு அனுப்பியது.

*ஓட்டையைக் கண்டால் உரியவரிடம் சொல்லிக் கூலி வாங்குங்கள்.* 2003இல் அப்படி ஒரு வழி அபூர்வம். இப்போது இருக்கிறது. 2018இல் வால்வே ஹேக்கர்ஒன் தளம் மூலம் பரிசுத் திட்டத்தைப் பொதுவில் திறந்தது. அதே ஆண்டு, வால்வின் ஸ்டீம் இணையக் கடையில் உள்ள விளையாட்டுகளின் உரிமச் சாவிகளை அள்ளிக்கொள்ள இடம் தந்த ஓட்டை ஒன்றை ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொன்னார். ஓட்டை அடைக்கப்பட்டது. அவருக்கு 20,000 டாலர் கிடைத்தது.