‘டிஸ்ப்ளே வரல’ன்னா பஸ் ஏறுறதுக்கு முன்னாடி

கம்ப்யூட்டர் ஸ்க்ரீன் கறுத்துப் போச்சுன்னா சி.பி.யு.வை மடியில வச்சுக்கிட்டு ஊத்தங்கரை பஸ் ஏறிடாதே தங்கச்சி. கெட்டது மானிட்டரா, வயரா, டப்பாவா? இதை வீட்டிலேயே கண்டுபிடிச்சுட்டா கடைக்காரர் சொல்ற விலைக்கெல்லாம் தலையாட்ட வேண்டியதில்ல.

மானிட்டர் கீழே இருக்கிற குட்டி லைட்டைப் பாரு. லைட்டே இல்லைன்னா கரண்ட் போகல, பின்னாடி பவர் வயரை அழுத்திச் சொருகு. ‘நோ சிக்னல்’னு எழுத்து வந்தா சந்தோஷப்படு, அந்த எழுத்தைக் காட்டுறதே மானிட்டர்தான், அது உசிரோட இருக்கு. விண்டோஸ் சத்தம் கேட்குது, படம் மட்டும் இல்லையா? ரூம் லைட்டை அணைச்சிட்டு செல்போன் டார்ச்சை ஸ்க்ரீன்ல சாய்ச்சு அடி. ஐகான் எல்லாம் மங்கலா தெரிஞ்சா பேக்லைட் போயிருக்கு. பழைய சின்ன மானிட்டர்னா அதுக்குச் செலவு பண்றதைவிட செகண்ட் ஹேண்ட்ல வேற ஒண்ணு வாங்கிடலாம்னு நான் சொல்லுவேன்.

வீட்டு டிவியிலேயும் மாட்டிப் பார்க்கலாம். ஹெச்.டி.எம்.ஐ. வயரை சி.பி.யு.வுல இருந்து டிவிக்குக் கொடு. அங்கே படம் வந்தா டப்பா நல்லா இருக்கு. 2006-ல கவர்மென்ட் கொடுக்க ஆரம்பிச்ச கலர் டிவியில அந்த ஓட்டை கிடையாது, அதுகிட்ட மல்லுக்கட்டாதே. 2011-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் ஏதாவது ஸ்க்ரீன் போய் பரண்ல கிடந்தா, அதையும் இப்படி டிவியில மாட்டி விண்டோஸ் கீயோட ‘பி’ (P) தட்டிப் பாரு.

இப்போ வயர். நம்ம பக்கம் செகண்ட் ஹேண்ட்னாலே பெங்களூர் எஸ்.பி. ரோடுதான் ஞாபகத்துக்கு வரும். அங்கே கிடைக்கிற ஆபீஸ் மெஷின் நிறையதுல ஹெச்.டி.எம்.ஐ. இருக்காது, டிஸ்ப்ளே போர்ட்தான் இருக்கும். ரெண்டும் பார்க்க ஒரே ஜாடை. ஆனா டிஸ்ப்ளே போர்ட்டுக்கு ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும், மாத்திச் சொருகினா ஓட்டை நாசம். அந்த வயர் தலையில ஒரு பட்டன் இருந்தா அதை அழுத்திக்கிட்டே இழு, வெறுமனே இழுத்தா கொக்கி உள்ளே உடையும். நடுவுல கன்வெர்ட்டர் போட்டிருந்தா முதல்ல அது மேலதான் எனக்குச் சந்தேகம் வரும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா வயர் அதுலதான் போகணும், மேலே இருக்கிற மதர்போர்டு ஓட்டையில இல்ல.

நீலத் தலை வச்ச வி.ஜி.ஏ. வயர்னா கலரே காட்டிக் கொடுத்துடும். ஸ்க்ரீன் முழுக்க மஞ்சளா இருந்தா நீலம் வரல, ரோஸா இருந்தா பச்சை வரல. சிவப்பு, பச்சை, நீலம் மூணும் தனித்தனி பின்ல வருது, ஒண்ணு வளைஞ்சாலும் இப்படித்தான் ஆகும். வெளிச்சத்துல காட்டிப் பாரு. 15 பின்ல நடு வரிசையில ஒண்ணு இல்லாமலே வர்ற வயர் உண்டு, அதுக்கு பயப்படாதே.

ஃபேன் ஓடுது, ‘பீப் பீப்’னு கத்துது, ஸ்க்ரீன்ல ஒண்ணும் இல்லைன்னா பெரும்பாலும் ராம். கிரானைட் அறுக்கிற பட்டறை பக்கத்துல வீடுன்னா கேபினட்டைத் திறந்ததும் வெள்ளைப் பொடி தெரியும். பிளக்கைப் பிடுங்கு, பவர் பட்டனை பத்து செகண்ட் அழுத்து, கேபினட் இரும்பைத் தொட்டுட்டு கை வை. ராமோட ரெண்டு ஓரத்து கிளிப்பை விலக்கி அதை வெளியே எடுத்து, தங்கக் கலர் ஓரத்தை பென்சில் ரப்பரால தேய்ச்சு, துகளைத் தட்டு. ஸ்லாட்டுக்கு மேல வச்சுத் தேய்க்காதே. வெட்டு பொருந்துற மாதிரி வச்சு ‘டக்’னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்து. ரெண்டு ராம் இருந்தா ஒவ்வொண்ணா போட்டுப் பாரு. பவர் சப்ளை பெட்டியையும் பழைய குண்டு மானிட்டரையும் மட்டும் திறக்கவே கூடாது, பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கரண்ட் நிக்கும்.

கேபினட்டைத் தொட்டா சுருக்குன்னு ஷாக் அடிக்குதா? ஸ்க்ரீன்ல பட்டை பட்டையா மேலே ஏறுதா? எர்த் இல்லாம இருக்கலாம். நூறு மெகாவாட்டுக்கு மேல கரண்ட் எடுக்க ஆயில் பிளான்ட் வச்ச ஊரு நம்ம சாமல்பட்டி, ஆனா மூணாவது பின் வெறும் அலங்காரமா நிக்கிற வீடும் இங்கே இருக்கு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு.

படம் வந்து துடிச்சா கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் தட்டி டாஸ்க் மேனேஜரைத் திற. அதுவும் சேர்ந்து துடிச்சா டிஸ்ப்ளே டிரைவர், அது மட்டும் அசையாம நின்னா ஏதோ ஒரு ஆப். சட்டுன்னு கறுத்துப் போனா விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், ‘பி’ (B) நாலையும் சேர்த்துத் தட்டு, கிராஃபிக்ஸ் டிரைவர் புதுசா கிளம்பும். கோடு விழுந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து போனுக்கு அனுப்பிப் பாரு. போன்ல கோடு இல்லைன்னா கோளாறு மானிட்டர்ல, இல்லாட்டி வயர்ல.

இவ்வளவுக்கும் மசியலைன்னா கடைக்குப் போ. லைட், பீப் சத்தம் ரெண்டையும் போன்ல வீடியோ எடுத்துக்கிட்டா கடைக்காரருக்கும் வேலை மிச்சம். மானிட்டர்தான்னு தெரிஞ்சா சி.பி.யு.வை வீட்டிலேயே விட்டுட்டுப் போ. உன் போட்டோவும் அப்பாவோட பேங்க் பேப்பரும் அதுக்குள்ளேதான் இருக்கு.