பிறவி வேறு, பரம்பரை வேறு

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன்)

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. அவள் தாய்க்கு நோயைவிடப் பெருந்துன்பம் ஊரார் வாயால் வந்தது. “பெண் எடுத்த இடம் சரியில்லை” என்றனர். அன்றிரவு என் அம்மா, “நீதான் காலேஜுல இரத்தம், அணுன்னு படிக்கிறியே, இது தாய் வழியில வர்றதாடா?” என்று கேட்டாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அன்று என்னிடம் விடை இல்லை. பேராசிரியரிடம் கேட்டும் நூலகத்தில் தேடியும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

மரபணு என்பது உயிரணுவுக்கு இடப்பட்ட கட்டளை எனலாம். சில வேளைகளில் ஓர் அணுவினுள் இரு குரோமோசோம்கள் முறிந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அப்போது ஒரு மரபணுவின் முற்பாதியும் மற்றொன்றின் பிற்பாதியும் சேர்ந்து புதிய மரபணு உண்டாகிறது. இதுவே மரபணு இணைவு. “வயலுக்கு நீர் பாய்ச்சு”, “மேய்ச்சலுக்கு மாட்டை அவிழ்த்துவிடு” என்பவை இரண்டும் நல்ல கட்டளைகள். பாதி பாதியாக ஒட்டினால் “வயலுக்கு மாட்டை அவிழ்த்துவிடு” என்றாகும். பயிரின் கதி என்னவாகும்?

குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்களில் முதலிடம் பெறுவது அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லூக்கீமியா. மேலை நாடுகளில் இந்நோயுற்ற குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம், 12-ஆம் குரோமோசோமிலுள்ள இ.டி.வி.6 மரபணுவும் 21-ஆம் குரோமோசோமிலுள்ள ரன்எக்ஸ்1 மரபணுவும் இணைந்து காணப்படுகின்றன. இவ்விரண்டும் இரத்த அணுக்களின் உருவாக்கத்துக்குத் தேவையானவை. இடம் மாறிய துண்டுகள் சாதாரணச் சாயமிடலில் ஒன்றுபோலவே தோன்றுவதால், ஒளிரும் சாய முறை வந்த பின், 1994-இல்தான் இம்மாற்றம் புலப்பட்டது.

இவ்விணைவு எப்போது நிகழ்கிறது? இலண்டனில் மெல் கிரீவ்ஸ் குழுவினர் இதனை ஆராய்ந்தனர். முறிவு ஏற்படும் இடம் நோயாளிக்கு நோயாளி வேறுபடும். ஆனால் நோயுற்ற ஒருகரு இரட்டையரிடம் அது அச்சு மாறாமல் ஒன்றாகவே இருந்தது. கருவில் ஒருவருக்கு உண்டான அணு, பொதுவான நஞ்சுக்கொடி வழியே மற்றவரை அடைந்தது என்பதே இதன் பொருள். பிறந்தவுடன் குதிகாலில் குத்தி அட்டையில் சேமித்த இரத்தத் துளிகளிலும் இத்தகைய இணைவுகள் இருந்ததை 1997, 1999 ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டின.

இதை அம்மாவிடம் சொன்னேன். “வயித்துலயே வந்துச்சுன்னா தாய் கொடுத்ததுதானே?” என்றாள். அறிவியல் மாணவராகிய நாமும் இடறும் இடம் இதுவே. பரம்பரையாக வந்திருந்தால் பிள்ளையின் உடலணுக்கள் அனைத்திலும் அது இருக்க வேண்டும். இவ்விணைவோ இரத்த அணுக்களில் மட்டுமே உள்ளது, பெற்றோரிடம் இல்லை. வளரும் சிசுவின் ஓர் அணுவில் தானே நேர்ந்த விபத்து இது. பிறவியிலேயே இருப்பது வேறு. பரம்பரையாக வருவது வேறு.

இணைவு மட்டுமே நோயன்று. பிறந்த பின் வேறு மரபணுப் பிழைகளும் சேர வேண்டும். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், இரட்டையரில் ஒருவருக்கு 5 வயதிலும் மற்றவருக்கு 14 வயதிலும் நோய் தோன்றியது. இணைவுடன் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர்க்கு நோய் வருவதே இல்லை.

எந்த இணைவு என்று அறிவது மருத்துவத்துக்கும் வழிகாட்டுகிறது. மேற்சொன்ன இணைவுள்ள குழந்தைகள், நல்ல சிகிச்சை கிடைக்குமிடங்களில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கின்றனர். பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்னும் வேறோர் இணைவுக்கு இமாட்டினிப் என்ற மாத்திரை துணை செய்கிறது.

குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் மிகப் பெரும்பாலானவை பரம்பரை நோய்கள் அல்ல என்று அம்மாவுக்கு விளக்கினேன். மறுநாள் காலை அவள் அந்த வீட்டுக்குப் போனாள். நெடுநேரம் கழித்துத் திரும்பினாள். “சொல்லிட்டேன்டா. அந்தப் பொண்ணு அழுதுடுச்சு” என்றாள்.

சிறுமிக்குச் சிகிச்சை தொடர்கிறது. நண்பர்களே, நாம் படிப்பது தேர்வுத்தாளோடு முடிவதன்று. குற்றமற்ற ஒரு தாயின் மீது விழுந்த பழியை அது துடைக்குமானால், அதனினும் பெரிய மதிப்பெண் வேறில்லை.