பெட்டி வீட்டுக் குழாய்: எது தொழிற்சாலைக்கு, எது சைட்டுக்கு?

சிங்கப்பூரின் கிளமென்ட் கேனோப்பி, 40 மாடிகள் கொண்ட இரட்டைக் கோபுரம். மொத்தம் 1,866 அறை வடிவக் கான்கிரீட் பெட்டிகளை அடுக்கிக் கட்டியது. மலேசியாவின் செனாயில் வார்த்த பெட்டிகளுக்கு சிங்கப்பூர் துவாஸில் உள்வேலை நடந்தது. அதன் பிறகே சைட்டுக்கு வந்தன. இத்தனை கை மாறும் கட்டுமானத்தில் எந்தக் குழாயை யார் பூட்டுவது என்பதை முதல் பெட்டி வார்க்கும் முன்பே எழுதி முடித்துவிட வேண்டும். பிறகு முடிவெடுத்தால் கான்கிரீட்டை உடைக்க நேரும்.

செய்ய வேண்டியவை

• ஒரு பெட்டிக்குள் தொடங்கி அதற்குள்ளேயே முடியும் குழாய் எல்லாம் தொழிற்சாலை வேலை. தண்ணீர் லைன், ஃப்ளோர் டிராப், தரை வாட்டம், நீர்க்காப்புப் பூச்சு, டைல்ஸ் வரை அங்கேயே முடியட்டும். பெட்டிக்குப் பெட்டி, மாடிக்கு மாடி சேரும் இணைப்பு மட்டும் சைட்டுக்கு.

• அந்த இணைப்பு, மாடிக்கு மாடி குழாய்கள் இறங்கும் ஷாஃப்டுக்குள் வரட்டும். ஷாஃப்டுக்கு நடைபாதைப் பக்கம் கதவு வையுங்கள். பிளம்பர் நேராக நின்று, இரண்டு கையையும் உள்ளே விட்டு, கப்ளிங்கைக் கண்ணால் பார்த்து முறுக்க வேண்டும். ஒற்றைக் கையை நுழைத்துத் தடவித் தடவி முறுக்கிய இணைப்பை நான் நம்பமாட்டேன். மாதிரிப் பெட்டி தயாரானதும் சைட் பிளம்பரைக் கூப்பிட்டு முறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஸ்பேனர் கால் சுற்றுகூடத் திரும்பாமல் சுவரில் இடித்தால், அன்றைக்கே வரைபடத்தைத் திருத்துங்கள்.

• சோதனை இரண்டு முறை நடக்கட்டும். தொழிற்சாலையில் தண்ணீர் லைனுக்கு வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு கொடுங்கள். குளியலறைத் தரையில் 24 மணி நேரம் தண்ணீர் தேக்குங்கள். லாரியிலும் கிரேனிலும் குலுங்கி வந்த பெட்டி அது. அதனால் சைட்டில் இணைத்த பிறகு, ஷாஃப்டை மூடும் முன் மறுபடியும் சோதியுங்கள்.

• குழாய் வாய் எல்லாவற்றுக்கும் இறுக்கமான மூடி போட்டு அனுப்புங்கள். சிமென்ட் பால் உள்ளே இறங்கி இறுகிவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

செய்யக்கூடாதவை

• மேல் பெட்டியின் தரைக்கும் கீழ்ப் பெட்டியின் கூரைக்கும் நடுவே உள்ள இடுக்கில் இணைப்பு வைக்காதீர்கள். பெட்டி உட்கார்ந்த பிறகு அந்த இடத்துக்கு யாராலும் போக முடியாது. இந்தத் தவறுக்கு மட்டும் பரிகாரமே இல்லை.

• மாடிக்கு மாடி இறங்கும் கழிவுக் குழாயின் கடைசித் துண்டைத் தொழிற்சாலையில் வெட்டாதீர்கள். பெட்டி சில மில்லிமீட்டர் தள்ளி உட்காரும். மாடி ஏற ஏற அது கூடிக்கொண்டே போகும். அந்தத் துண்டை சைட்டில் அளந்து வெட்டுவதே சரி.

• சோதனைத் தண்ணீரைக் குழாயிலேயே விட்டுவிட்டுப் பெட்டியை லாரியில் ஏற்றாதீர்கள்.

• "சின்ன வேலைதானே, சைட்டில் பார்த்துக்கொள்வார்கள்" என்று எதையும் தள்ளாதீர்கள். முப்பதாவது மாடியில் ஒரு கிளாம்ப் அடிக்க ஆள், கருவி, வெளிச்சம் எல்லாம் மேலே போக வேண்டும்.

சிங்கப்பூர் கட்டுமானத்தில் தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள் பலர் இருக்கிறார்கள். குழாய் வரைபடத்தை இறுதி செய்யும் கூட்டத்துக்கு, அவர்களைப் போல் குழாயைக் கையால் பூட்டப்போகிறவர்களில் ஒருவரையாவது அழைத்து உட்காரவையுங்கள்.